6ஜி வெல்டர் என்பவர் யார்?

வெல்டர் வேலைக்கான விளம்பரங்களைக் கொஞ்ச நாள் தொடர்ந்து கவனியுங்கள். படிப்பு என்ற இடத்தில் ஐ.டி.ஐ. என்று சின்னதாகப் போட்டிருக்கும். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் 6ஜி. அது ஒரு தேர்வு நிலையின் பெயர் என்பதே பலருக்கு மறந்துவிட்டது, மனுஷனுக்கே அடைமொழி ஆகிவிட்டது. "அவன் 6ஜி-ப்பா" என்று சொன்னால் பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட ஒரு எடை உண்டு.

நான் வெல்டர் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் தேர்வு என்பது என் தொழிலிலும் பாதி. ஒரு சோதனை எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிக்காமல் விடுகிறது, சோதனையில் தேறியது என்ற சொல்லை மற்றவர்கள் எப்படித் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். அந்தக் கண்ணோடு வெல்டர் தகுதித் தேர்வு விதிகளை வாசித்துப் பார்த்தேன். அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. விதித்தொகுப்பின் 9-ஆம் பிரிவு, நம்மூர் இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகள் 1950, ஐரோப்பாவில் புழங்கும் ஐ.எஸ்.ஓ. 9606. இவற்றைப் பிரதிகளாக வைத்து ஒரு விமர்சனம் எழுதலாம் என்று தோன்றியது. இதுவரை யாரும் தமிழில் அப்படிச் செய்து நான் பார்க்கவில்லை.

எங்கள் வைத்திக்குப்பத்தில் இதற்குத் தேவையும் இருக்கிறது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இரும்பு என்பது வருஷா வருஷம் செத்துப் பிழைக்கிற பொருள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கேட்டின் அடிப்பக்கம் உதிரும், ஜன்னல் கிரில் உப்பும், பட்டறைக்காரர் ராடும் ஹோல்டருமாக வந்து நிற்பார். கடலுக்குப் போகாத பையன்களில் சிலர் எட்டாவதோ பத்தாவதோ முடித்து ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் பிரிவு படிக்கிறார்கள். பிறகு திருச்சி, அங்கிருந்து வளைகுடா, அல்லது சிங்கப்பூர். அந்தப் பாதை முழுக்கத் தேர்வுகள்தான்.

முதலில் 6ஜி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தகடு என்றால் 1ஜி படுக்கை, 2ஜி கிடைமட்டம், 3ஜி செங்குத்து, 4ஜி தலைக்கு மேலே. பைப் என்றால், அதைப் படுக்க வைத்து அசையாமல் பூட்டினால் 5ஜி. 45 டிகிரி சாய்த்து அசையாமல் பூட்டினால் 6ஜி. பைப்பைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். கீழே குனிந்து தலைக்கு மேலாகப் போட்டு ஆரம்பித்து, பக்கவாட்டில் ஏறி, மேலே வந்து முடிக்கும்போது எல்லாக் கோணமும் கலந்து வந்துவிடும். ஒவ்வொரு அங்குலத்துக்கும் மணிக்கட்டின் சாய்வு மாறும். கஷ்டமான வேலைதான், அதில் சந்தேகமே இல்லை.

தேர்வு நாளில் நடப்பது இது. இரண்டு பைப் துண்டுகளின் விளிம்பைச் சாய்வாகச் செதுக்கி, நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, டேக் போட்டு நிறுத்துகிறார்கள். அடி ஓட்டத்தை, அதாவது ரூட்டை, பெரும்பாலும் டிக் முறையில் போடுவார்கள். மேலே நிரப்புவதற்கு 7018 ராடு. அந்த ராடு ஈரம் குடித்தால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்து விரிசல் விடும் என்பதால் அடுப்பில் சுட்டு, சூட்டோடுதான் எடுக்க வேண்டும். முடித்த பிறகு முதலில் கண் பார்வை. அதில் தேறினால் ஒன்று எக்ஸ்ரே, அல்லது பைப்பிலிருந்து நான்கு பட்டைகள் வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். இரண்டு பட்டையில் ரூட் வெளிப்பக்கம் வருகிற மாதிரி, இரண்டில் மேல்முகம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி. பைப் கனமாக இருந்தால் நான்கையும் பக்கவாட்டில் வளைக்கலாம். வளைந்த பரப்பில் 3 மி.மீ.க்கு மேல் எந்தத் திறந்த குறையும் இருக்கக் கூடாது. ஒரு பட்டை வாய் பிளந்தால் ஆள் ஃபெயில். உடனே மறுபடி எழுத வேண்டுமென்றால் ஒன்றுக்கு இரண்டாகப் போட வேண்டும், இரண்டுமே தேற வேண்டும்.

எனக்கு இந்த வடிவமைப்பு மிகவும் பிடித்திருக்கிறது. ஏமாற்ற முடியாத தேர்வு இது. எங்கள் துறையில் நேர்முகத் தேர்வு என்ற பெயரில் நடக்கும் கூத்தை நினைத்தால் பொறாமையாகக்கூட இருக்கிறது. பைப் பேசும், ஆள் பேச வேண்டியதில்லை.

ஆனால் இந்தத் தேர்வு யாருக்காக எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் செத்தார்கள். மறு வருஷமே வங்காளத்தில் பாய்லர் சட்டம் வந்தது. அந்தக் கிளைதான் 1923-ன் இந்திய பாய்லர் சட்டமாகி, 1950-ன் ஒழுங்குமுறைகளாகி, இப்போது 2025-ன் புதிய பாய்லர் சட்டம் வரை வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1905-ல் பிராக்டன் என்ற ஊரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் மாண்டார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. 1914-ல் பாய்லர் விதித்தொகுப்பை முடித்தது. அந்தக் காலத்து பாய்லர்கள் ரிவெட் அடித்தவை, வெல்டிங் பிறகுதான் உள்ளே வந்தது. ஆக இந்தப் பிரதிகளின் அக்கறை முழுக்க பாய்லர் மேல். பாய்லர் வெடிக்கக் கூடாது, அதற்காக வெல்டரைச் சோதி. வெல்டர் என்கிற ஆள், அவருடைய திறமைக்கு ஓர் ஆதாரம் வேண்டும் என்கிற எண்ணம், இந்தக் குடும்ப மரத்தில் எங்கேயுமே இல்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

விதித்தொகுப்பு தன்னைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லிக்கொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 9-ஆம் பிரிவின்படி வெல்டர் தேர்வு நிறுவ வருவது ஒன்றே ஒன்று: இந்த ஆளால் குறையில்லாத வெல்டு உலோகத்தை இட முடியும். அவ்வளவுதான். இணைப்பு சரியான பலத்தோடு இருக்குமா, எந்த ராடு, எவ்வளவு சூடு என்பதெல்லாம் வேறொரு தேர்வின் பொறுப்பு. அது செய்முறைக்கான தேர்வு, அதில் சோதிக்கப்படுவது ஆள் இல்லை. பிரதி இவ்வளவு அடக்கமாகச் சொன்னதைச் சந்தை "6ஜி போட்டவன் எதையும் போடுவான்" என்று வாசித்துவிட்டது.

இந்த வாசிப்புக்குப் பிரதியும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. அதன் தர்க்கம், கஷ்டமானது தெரிந்தால் சுலபமானது தெரியும் என்பது. 6ஜியில் தேறினால் தகடு, பைப் எல்லாவற்றுக்கும் எல்லா நிலைக்கும் தகுதி. 73 மி.மீ.க்கு மேற்பட்ட விட்டமுள்ள பைப்பில் தேறினால் அதற்கு மேலே எவ்வளவு பெரிய பைப்புக்கும் தகுதி. ஒரே முறையில் குறைந்தது மூன்று அடுக்காக 13 மி.மீ. உலோகம் இட்டுக் காட்டினால் கனத்துக்கு வரம்பே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படி இடைவெளியில் நிரப்பிப் போடும் இணைப்பில் தேறியவருக்கு ஃபில்லட் வெல்டு இலவசமாகக் கிடைத்துவிடும். ஃபில்லட் என்பது ஒரு தகட்டின்மேல் இன்னொன்றை நிறுத்தி மூலையில் போடுவது. நம் தெருவில் கேட்டிலும் படிக்கட்டிலும் பார்ப்பதெல்லாம் அதுதான். கப்பலிலும் பாலத்திலும் கட்டுமானச் சட்டங்களிலும் கூட அதுதான் அதிகம்.

மென்பொருளில் இந்த மாதிரி அனுமானத்தை நாங்கள் நம்புவதில்லை. கஷ்டமான நிலையில் ஓடியது, ஆகவே சுலபமான நிலையில் ஓடும் என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு விஷயமாக இருந்தால்? பைப் ரூட் போடும்போது கவனம் முழுக்க அந்த இடைவெளியில், உருகிய துளையின் வாயில். ஃபில்லட்டில் அப்படி ஒரு துளையே இல்லை. அங்கே பிரச்சினை மூலையின் அடிவரை உலோகம் போய் ஒட்டியதா, இரண்டு காலும் சமமாக இருக்கிறதா, ஓரத்தில் பள்ளம் விழுந்ததா என்பது. எக்ஸ்ரேயில் அது சரியாகத் தெரியவும் தெரியாது. பைப்பில் கில்லாடி, ஃபில்லட்டில் சுமார் என்கிற ஆட்கள் உண்டு என்று பட்டறைக்காரர்களே சொல்வார்கள்.

ஐ.எஸ்.ஓ. 9606 இதைக் கவனித்திருக்கிறது. அதற்கு முந்தைய ஐரோப்பிய விதி பட் வெல்டில் தேறியவருக்கு ஃபில்லட்டையும் கொடுத்தது. 2012-ன் புதிய வடிவம் அதை நிறுத்திவிட்டது. ஃபில்லட்டுக்கும் தகுதி வேண்டுமென்றால் பட் வெல்டோடு சேர்த்து ஒரு கூடுதல் ஃபில்லட் துண்டும் போட்டுக் காட்ட வேண்டும். ஒரே கைவேலையைப் பற்றி இரண்டு பெரிய விதித்தொகுப்புகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. என் ஓட்டு ஐ.எஸ்.ஓ.வுக்கு.

ஃபில்லட்டை இளப்பமாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1976-ல் பிரான்சின் டன்கர்க்கில் கட்டிய மிதக்கும் எண்ணெய்த் தளம், பெயர் அலெக்சாண்டர் கீலாண்ட். 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அதன் ஐந்து கால்களில் ஒன்று பிய்ந்து, தளம் கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் செத்தார்கள். விசாரணையில் விரிசலைத் தொடக்கம் வரை பின்தொடர்ந்து போனார்கள். ஹைட்ரோஃபோன் என்ற ஒரு சின்னக் கருவியைப் பொருத்துவதற்காகக் குழாயில் ஒரு தாங்கி வைத்து, 6 மி.மீ. ஃபில்லட் போட்டிருந்தார்கள். சுமை தாங்குகிற வெல்டே இல்லை. அங்கிருந்துதான் விரிசல் கிளம்பியது. விரிசலுக்குள் பெயிண்ட் இருந்தது, அதாவது கட்டும்போதே விரிசல் இருந்திருக்கிறது, அதன் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இதை வெல்டர் ஒருவரின் தலையில் கட்டுவது அநியாயம். தாங்கியின் இரும்பு மோசம், வெல்டின் வடிவம் மோசம், ஒரு தாங்குகம்பி போனால் மற்றவை பிடித்துக்கொள்ளும்படி வடிவமைப்பும் இல்லை. ஆனால் முக்கியமான வெல்டு, முக்கியமில்லாத வெல்டு என்று மனதுக்குள் கோடு போட்டால், கண் போகாத பக்கத்தில் இப்படி நடக்கும். 6ஜி மோகம் அந்தக் கோட்டை இன்னும் அழுத்திப் போடுகிறது.

சரி, இது தேர்வின் உள்ளடக்கம் பற்றிய குறை. எனக்கு இதைவிடப் பெரிய ஆட்சேபம் வேறொன்று. அந்தச் சான்று யாருடையது?

9-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் வெல்டர்களைத் தானே சோதிக்க வேண்டும். தேர்வுத் துண்டைப் போடும்போது மேற்பார்வை முழுக்க அந்த நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும், வெளியாளிடம் ஒப்படைக்க முடியாது. பட்டை வெட்டுவது, எக்ஸ்ரே எடுப்பது மாதிரி வேலைகளை மட்டும் வெளியே கொடுக்கலாம். பொறுப்பு யாரிடம் என்ற கேள்விக்கு இது நல்ல பதில்தான். வெல்டர் பக்கம் நின்று பார்த்தால் கதையே வேறு. கம்பெனி மாறினால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கூடவே ஆறு மாத விதி. ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டு போடாமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதி. புதுப்பிப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? ஒரே ஒரு துண்டு. தகடோ பைப்போ, எந்தக் கனமானாலும், எந்த நிலையானாலும் சரி. படுக்கையில் வைத்த ஒரு தகட்டை ஒழுங்காகப் போட்டுக் காட்டினால் பழைய 6ஜி உயிர் பெற்றுவிடும். ஆனால் அது அதே நிறுவனத்துக்குள். அடுத்த கம்பெனிக்குப் போனால் மறுபடி 45 டிகிரி பைப். ஆகவே காலாவதி என்பது திறமை துருப்பிடிப்பதைப் பற்றியது மட்டும் இல்லை. கை மறக்கும் என்ற கவலைக்கு ஒரு தகடு போதும் என்று விதியே சொல்கிறது. மீதியெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி பொறுப்பைக் கைமாற்றும் கணக்கு.

ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் பதினைந்து வருஷம் வெளிநாட்டிலும் வட இந்தியாவிலுமாக பைப் வெல்டராக இருந்தவர். அவருடைய பிளாஸ்டிக் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். விசா நகல்கள், கேட் பாஸ்கள், எப்போதோ முடித்த ஐ.டி.ஐ. சான்றிதழ். அவர் எழுதிய தேர்வுகள் ஒன்பதோ பத்தோ, அவருக்கே கணக்கு இல்லை. அவற்றின் தாள்களில் ஃபைலில் இருந்தவை இரண்டு, இரண்டும் ஜெராக்ஸ். "மீதி எல்லாம் கம்பெனி ஆபீஸ்ல இருக்கும் தம்பி, நமக்கு எதுக்கு குடுக்கப் போறான்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். பதினைந்து வருஷம் எக்ஸ்ரேயில் தேறிய வெல்டுகள். அதற்கு அவர் கையில் ஆதாரம் இரண்டு தாள்.

விதிப்படி பார்த்தால் கம்பெனிகள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. பதிவேடு வைத்திரு என்று 9-ஆம் பிரிவு கம்பெனிக்குச் சொல்கிறது. போகும்போது ஒரு நகலை வெல்டர் கையில் கொடு என்று சொல்லவில்லை. நான் முன்னால் சொன்ன குடும்ப மரம் இதுதான்: பிரதியின் கண் பாய்லர் மேலேயே இருக்கிறது.

ஐ.டி.ஐ. சான்றிதழை எடுத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ். தேசியத் தொழிற்சான்றிதழ் வெல்டரின் பெயரில், அவர் கையில், சாகும்வரை செல்லும். ஆனால் அதை மட்டும் பார்த்து எந்த பாய்லர் வேலையிலும் ஆளை பைப் பக்கம் விடமாட்டார்கள். பிரான்சில் இந்த இரட்டை நிலைமை இன்னும் தெளிவாகத் தெரியும். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய, ஆகவே 'சி.ஏ.பி.' என்ற சொல் இங்கே புதிதில்லை. அது அரசு தரும் தொழிற்கல்விப் பட்டயம், வெல்டிங்கிலும் உண்டு, ஆளுக்கே சொந்தம். அதை வைத்திருந்தாலும் வேலையில் ஐ.எஸ்.ஓ. 9606-படி தனித் தேர்வு உண்டு, அதற்கு அங்கே லைசென்ஸ் என்று பேச்சுவழக்கு. ஆனால் சி.ஏ.பி.க்குச் சம்பளப் பேச்சில் மதிப்பு உண்டு. நம் ஐ.டி.ஐ. தாளுக்கு அந்த மதிப்பை நாம் கொடுக்கவே இல்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். போலிச் சான்றிதழ் மலிந்த நாடு இது, கம்பெனிக்காரன் எதை நம்புவான்? நியாயமான கேள்வி. ஒரு பைப்பைக் கொடுத்துப் போடச் சொல்வதைவிட மலிவான சரிபார்ப்பு கிடையாது. சவுதி அரேபியாகூட இப்போது வெல்டர் போன்ற தொழில்களுக்கு ஊரிலேயே திறன் சரிபார்ப்புத் தேர்வு வைத்துத்தான் வேலை விசா தருகிறது. மறுபடி சோதிப்பதை நான் எதிர்க்கவில்லை. சோதித்த ஒவ்வொரு முறையும் அந்த முடிவு சோதிக்கப்பட்டவரின் கணக்கில் ஏறாமல் போகிறதே, அதுதான் என் குறை. எங்கள் துறையில் ஒவ்வொரு முறை சோதனை ஓடும்போதும் பதிவு விழும், அந்த வரலாற்றைப் பார்த்துத்தான் ஒரு நிரல்தொகுப்பை நம்புவோம். இங்கே வரலாறு பத்து அலுவலகங்களின் இரும்பு அலமாரிகளில் சிதறிக் கிடக்கிறது.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஐ.எஸ்.ஓ. சான்றிதழ்ப் படிவத்திலேயே ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதலாளியோ மேற்பார்வையாளரோ கையெழுத்துப் போடுவதற்குக் கட்டங்கள் இருக்கின்றன. சான்றும் தொடர்ச்சியும் ஒரே தாளில். நம் பாய்லர் ஒழுங்குமுறைகளின் 13-ஆம் அத்தியாயத்தின்படி தரும் வெல்டர் சான்றிதழ் இன்னும் ஒரு படி மேல். தேர்வை பாய்லர் ஆய்வாளர் நேரில் பார்க்கிறார், சான்றை அரசின் பாய்லர் துறை தருகிறது, இரண்டு வருஷம் செல்லும். அரசு கொடுத்தது என்பதால் கம்பெனி மாறினாலும் அதற்கு ஒரு மரியாதை உண்டு. இந்தியாவில் வெல்டர் ஆளாக மதிக்கப்படும் தாள் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆனால் அது பாய்லருக்கும் நீராவிக் குழாய்க்கும் மட்டும். கப்பல், பாலம், எண்ணெய்க் குழாய், கட்டடச் சட்டம் எதற்கும் இப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

முன்மாதிரி எங்கள் கடலிலேயே இருக்கிறது. சரக்குக் கப்பலில் போகிற மாலுமிக்கு அரசு ஒரு சி.டி.சி. புத்தகம் கொடுக்கிறது. எந்தக் கப்பல், எந்தப் பதவி, ஏறிய தேதி, இறங்கிய தேதி, கேப்டனின் கையெழுத்து. கப்பல் முதலாளி மாறினாலும் கொடி மாறினாலும் புத்தகம் மாலுமியின் பையில்தான். அதுபோல ஒரு வெல்டர் புத்தகத்தில் பக்கத்துக்கு ஏழெட்டு பத்தி இருந்தால் போதும்: தேதி, முறை, இணைப்பு வகை, நிலை, கனம், சோதனை விதம், முடிவு, ஆய்வாளரின் முத்திரை. ஃபில்லட்டுக்குத் தனி வரி. திருச்சியில் 1975-லிருந்து பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஐ.நா. உதவியோடு தொடங்கிய இடம், வெல்டர் பயிற்சியும் தேர்வும் அவர்களுக்குக் கைவந்த வேலை. இப்படிப்பட்ட புத்தகத்துக்கு ஒரு படிவம் வரைந்து கொடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அது வரும்வரை, இதை வாசிக்கிற வெல்டர் யாராவது இருந்தால், அல்லது உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால்: வேலையை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம், கடைசிச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னால், தர ஆய்வுப் பிரிவுக்குப் போய் இரண்டு தாள் கேளுங்கள். ஒன்று தகுதித் தேர்வு அறிக்கை, ஆங்கிலத்தில் டபிள்யூ.பி.க்யூ. என்பார்கள். இன்னொன்று தொடர்ச்சிப் பதிவேட்டில் உங்கள் பெயர் உள்ள பக்கங்கள். மறுத்தால் போனில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அறிக்கையில் முறை, நிலை, விட்டம், கனம் என்று நான்கு வரம்புகள் எழுதியிருக்கும். அடுத்த இடத்தில் 6ஜி என்று மட்டும் சொல்லாமல் அந்த நான்கையும் சொல்லுங்கள். கேட்கிற ஆள் விவரம் தெரிந்தவரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.